பாலைப்பழமும் எல்லைக்கல்லும்

ஆனி மாதம் ஏ9 வீதியால் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மாங்குளம் தாண்டிப் புளியங்குளம் வரும் வழியில், வீதிக்கரையில் ஒரு சின்ன மேசை. மேசையில் ஒரு வாளி, அளந்து கொடுக்க ஒரு பேணி. வாளி நிறைய மஞ்சள் மஞ்சளாய்ப் பாலைப்பழம். நாங்கள் வானை நிறுத்தி ஆளுக்கொரு பேணி வாங்கினோம். “பிள்ளையள், கனக்கத் தின்னாதேங்கோ, சொண்டு ஒட்டும்” என்று விற்ற அம்மா சொன்னா. சொன்னது போலவே ஒட்டியது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் காய்ந்தால் பசைதான். ஓமந்தை வரும்வரை வானுக்குள் ஒருத்தரும் வாயைத் திறந்து ஒழுங்காகக் கதைக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அது அபூர்வமான விசயம்.

சங்க இலக்கியப் பாடத்தில் பாலை என்றால் தண்ணீரில்லாத நிலம், வெயில், பிரிவு என்று எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். வன்னியில் பாலை என்றால் பழம், நிழல், உறுதியான தடி, பழத்துக்கு வருகிற கரடி. பாலை, வீரை, முதிரை, கருங்காலி: வறண்ட வலயக் காட்டின் பெரிய ஆட்கள் இவை. ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே யார் முதலில் வந்தது என்று விளங்கும். புளியங்குளம், பாலமோட்டை, நொச்சிமோட்டை, இரணை இலுப்பைக்குளம். மரம் நின்றது, குளம் வந்தது, பிறகுதான் மனிசர்.

ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் பழம் இல்லை. ஒரு போஸ்டர்.

மார்ச் 21 சர்வதேச வன தினம். ஐக்கிய நாடுகள் சபை 2012 இல் அறிவித்த நாள் அது. இந்த வருசம் நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு வான்படத்தைப் பெரிதாக அச்சடித்தோம். பச்சைக் காட்டுக்கு நடுவே சிவப்பு மண்ணாய் வெட்டையாக்கப்பட்ட ஒரு துண்டு. மேலே “வில்பத்துவைக் காப்பாற்றுவோம்” என்று கொட்டை எழுத்து. ஒட்டப் போகிற நேரம் எங்களோடு படிக்கிற முசலிப் பக்கத்துத் தோழி ஒருத்தி வந்து பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இது எங்கட ஊர். எங்கட உம்மா 1990ல இங்க இருந்துதான் வெளிக்கிட்டவ. நாங்க போன பிறகு முளைச்ச காடு அது.”

போஸ்டர் ஒட்டப்படவில்லை. எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஒருத்தர் “அதுக்காகக் காடழிக்கிறதைச் சரியெண்டு சொல்லேலுமோ” என்றார். இன்னொருத்தர் “முதல்ல ஆரின்ர காடு எண்டு சொல்லு” என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். எங்களிடம் இரண்டுக்கும் விடை இருக்கவில்லை. எனவே மூன்று மாதம் நூலகத்தில் இருந்து வாசித்தோம், அதற்குப் பிறகு வான் பிடித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பூநகரியால் போவதுதான் சுருக்கம், ஒருத்தியை வவுனியாவில் ஏற்ற வேண்டியிருந்ததால் இந்த வழி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளித்துவிட வேண்டும். “எங்கட முன்னோர் காட்டைத் தெய்வமாக மதிச்சவை, வெள்ளைக்காரன் வந்துதான் அழிச்சவன்” என்று ஒரு கதை இருக்கிறது. போஸ்டர் எழுதும்போது எங்களுக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. பாதி உண்மை. கரிகாலனைப் பாடுகிற பட்டினப்பாலை, காட்டை அழித்து ஊராக்கியதை அவனுடைய பெருமையாகத்தான் சொல்கிறது. இந்தத் தீவின் வறண்ட வலயத்தில் ஆயிரக்கணக்கான குளங்கள் காட்டை வெட்டாமல் வந்தவை இல்லை. வன்னிமைத் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தது யானை. காட்டில் பிடித்து, கடல்நீரேரியைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து வேறு காரணங்களுக்காகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அது ஒரு ஏற்றுமதிப் பாதை என்பது பிந்தித்தான் உறைத்தது.

மற்றப் பாதி உண்மை இது. குளத்தை நம்பி வாழ்ந்த ஊர், குளத்துக்கு மேலே இருந்த காட்டைத் தொடாமல் விட்டது. அது பக்தி மட்டும் இல்லை, கணக்கு. மேட்டுக்காடு போனால் மாரியில் மண் இறங்கிக் குளம் தூர்ந்துவிடும், கோடையில் தண்ணீர் நிற்காது. குளக்கட்டில் ஐயனார் இருந்தார். சிங்களக் கிராமங்களில் அதே சாமி அய்யநாயக்க. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு குழையை முறித்து வழியோர மரத்தில் தொங்கவிட்டுப் போகும் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. சேனை வெட்டினார்கள், எரித்தார்கள், ஒன்றிரண்டு போகம் குரக்கனோ எள்ளோ விதைத்துவிட்டு வேறிடம் போனார்கள். விட்டுப்போன துண்டு பல வருசத்தில் மறுபடி காடானது. ஆட்கள் குறைவாகவும் காடு நிறையவும் இருந்த வரையில் இது ஓடியது. ஆட்கள் கூடியிருந்தால் ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி.

இங்கே முக்கியமான விசயம், அந்தக் காட்டுக்கு உறுதி இருக்கவில்லை. யாருடைய பெயரிலும் இல்லை. வெட்டலாம், விறகு எடுக்கலாம், தேன் எடுக்கலாம், மாடு விடலாம் என்று ஊருக்கு ஊர் வழக்கம் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. 1840 இல் வந்த முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம் (1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) பிடித்தது இந்த இடத்தைத்தான். காடாகவும் தரிசாகவும், குடியிருக்காமலும் பயிரிடாமலும் கிடக்கிற நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குச் சொந்தமானது என்று அது சொன்னது. நிரூபிக்க வேண்டியது யார்? ஊரவர். எதை வைத்து? இல்லாத கடதாசியை வைத்து.

இந்தச் சட்டத்தை வாசித்தபோது எங்களில் ஒருத்தருக்கு வந்த முதல் சந்தேகம், இது காட்டைக் காப்பாற்ற வந்த சட்டமோ என்பது. இல்லவே இல்லை. விற்க வந்த சட்டம். கண்டி மலைகளில் கோப்பி காசு கொட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. 1844 இல் விலை கூட்டப்படும் வரை ஏக்கர் ஐந்து சிலிங். வாங்கியவர்களில் காலனித்துவ அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். சட்டம் எழுதுகிற கையும் காணி வாங்குகிற கையும் ஒன்றாய் இருந்தால் வேறென்ன நடக்கும்.

மலையில் காட்டை விழுத்திய முறையைப் பற்றி வாசித்த அன்று இரவு எங்களுக்கு நித்திரை சரியாக வரவில்லை. சரிவின் அடியிலிருந்து மேலே மேலே போய் ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி விடுவார்கள். ஒன்றும் விழாது. உச்சிக்கு வந்ததும் மேல்வரிசை மரங்களை முழுதாகத் தறிப்பார்கள். அவை சாய்ந்து அடுத்த வரிசையில் விழ, அது அதற்கடுத்ததில் விழ, ஒரு முழு மலைச்சரிவும் சில நிமிசத்தில் படுத்துவிடும். பிறகு காய விட்டு நெருப்பு. ஒட்டுமொத்தமாக 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது.

கோடரி பிடித்தவர்கள் யார் என்பதிலும் எங்கள் பாடசாலை வரலாறு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. தோட்டத்துக் கூலிவேலைக்கு வர மறுத்த கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள், காடு வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார்கள். வெட்டிய நிலத்தில் கன்று நட, களை பிடுங்க, பழம் ஆய வந்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். அவர்கள் வந்த வழியைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை சுமார் 150 மைல், கால்நடையாய், இதே பாலையும் வீரையும் நிறைந்த காட்டுக்குள்ளால். தண்ணீர் இல்லாத இடம், கொலரா, காய்ச்சல், பசி. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் போனது. எத்தனை பேர் என்று சரியான கணக்கு யாரும் வைக்கவில்லை. ஒரு காட்டுக்குள் செத்து, மிஞ்சியவர்கள் போய்ச் சேர்ந்தது இன்னொரு காடு எரிந்த சாம்பலில். இந்த நாட்டுக் காடுகளின் வரலாற்றை மலையகத் தமிழரை விட்டுவிட்டு எழுத முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்களுக்குக் காடு வாழ்விடமாகவும் கிடைக்கவில்லை, சொத்தாகவும் கிடைக்கவில்லை.

1869 இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி முடிந்தது, தேயிலை வந்தது. இடையில், 1873 இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் இலங்கையின் உயர்மலைக் காடுகளைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஐயாயிரம் அடிக்கு மேலே காடு வெட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலையைச் சுற்றிய காடும் இன்றைக்கும் நிற்பதில் இந்த உத்தரவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மகாவலியும் களனியும் வளவையும் அந்த உயரங்களில்தான் ஊறுகின்றன. எனவே வெள்ளைக்காரனைத் திட்டி மட்டும் முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கோடு எங்கே விழுந்தது என்று கவனியுங்கோ. கீழே இருந்த நல்ல நிலமெல்லாம் பெரும்பாலும் விற்று முடிந்த பிறகுதான் பாதுகாப்பு யோசனை வந்தது.

அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு யாரைப் பிடித்தது? 1882 இல் இந்தியாவிலிருந்து வின்சென்ற் என்ற வன அதிகாரி வந்து அறிக்கை எழுதினார். சேனைதான் பெரிய குற்றவாளி. 1885 இல் வனச் சட்டம், 1887 இல் வனத் திணைக்களம், 1897 இல் தரிசு நிலச் சட்டம், 1907 இல் திரும்பவும் ஒரு வனச் சட்டம். மலைகளை மொட்டை அடித்தவனுக்கு உறுதி இருந்தது, குரக்கன் விதைத்தவனுக்கு பேமிட் தேவைப்பட்டது. ஹம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் 1913 இல் எழுதிய நாவலில், ஒரு குடும்பத்தை அழிக்க ஊர்த் தலைவனுக்குத் துவக்கோ கத்தியோ தேவைப்படவில்லை. சேனைக்கு பேமிட் கிடைக்காமல் செய்தால் போதும். நாவல் காட்டைப் பற்றியது என்று நினைத்து எடுத்தோம், கச்சேரியைப் பற்றியதாய் இருந்தது.

அதே நேரம் திணைக்களம் தானே மரத்தை விற்றுக்கொண்டும் இருந்தது. முதிரையும் கருங்காலியும் கப்பலேறின. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை றெயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டைகளுக்குப் பாலை மரம் நல்ல மரமாய் இருந்தது. யாழ்தேவியைப் பற்றி எழுதுகிறவர்கள் எவ்வளவோ இருக்கிறார்கள், சிலிப்பர் கட்டையைப் பற்றி எழுத ஆள் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியதா? பேனை கை மாறியது. கல்லோயா, மகாவலி என்று பெரிய குடியேற்றத் திட்டங்கள் காட்டை வெட்டித்தான் வந்தன. வடக்கில் எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் கதையும் இதில் ஒன்று. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை வந்தபோது, விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி கிடைத்தவர்கள் காடு வெட்டித் தோட்டம் செய்து தலை நிமிர்ந்தார்கள். எங்களில் இரண்டு பேரின் வீட்டில் அம்மப்பாமார் அந்தத் தலைமுறை. அந்த மிளகாய்க் காசில்தான் ஒருத்தரின் அம்மா படித்தவ. அதைக் காடழிப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த ஊர்க்காரன் செய்தால் மட்டும் வருகிறது.

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காட்டோரங்களில் கொட்டில் போட்டார்கள். நூற்றாண்டுக்கு முன் அவர்களின் பூட்டன் பூட்டி நடந்து போன காடு. இன்றைக்கும் அவர்களில் பலரிடம் காணி ஆவணம் இல்லை. 1840 இல் கேட்ட அதே கடதாசி.

1956 இல் வான்படங்களை வைத்துக் கணக்கிட்டபோது தீவின் சுமார் 44 சதவீதம் காடு. 2010 இல் ஏறத்தாழ 30 சதவீதம். இடையில் ஒரே ஒரு நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம், அது தெற்கில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜாவுக்குள் இயந்திரங்களோடு இறங்கினார்கள். கொஸ்கமவில் கட்டிய ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டுமாம். தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்ய மழைக்காடு! விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர்களும் பத்திரிகைகளும் வருசக்கணக்காய்ச் சண்டை பிடித்தார்கள். 1977 இல் தறிப்பு நின்றது. 1988 இல் சிங்கராஜா உலக மரபுரிமைத் தலமானது. அரசாங்கத்தின் பேனையைச் சனம் பிடித்து நிறுத்திய நேரமும் இருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தச் சண்டை இல்லை, தலம் மட்டும் இருக்கிறது.

போர்க்காலத்தில் காடு வேறு பொருள் எடுத்தது. ஒரு தரப்புக்கு ஒளிவிடம், மற்றத் தரப்புக்கு ஒளிவிடமாகக் கூடாத இடம். வீதிகளின் இரண்டு பக்கமும் பாதுகாப்புக்காக வெட்டி வெளியாக்கினார்கள். பங்கருக்குப் பனை தறித்தார்கள், இரு பக்கத்தாரும். ஆட்கள் இடம்பெயர்ந்த ஊர்களில் மரங்கள் திரும்பி வந்தன. இதைச் சிலர் “போர் காட்டைக் காப்பாற்றியது” என்று அழகாய் எழுதுகிறார்கள். யாரின் வீட்டுக் குசினிக்குள்ளால் அந்த மரம் முளைத்தது என்று அவர்கள் கேட்பதில்லை.

இப்ப முசலிக்கு வருவோம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி, கொண்டச்சி, முள்ளிக்குளம்: வில்பத்துத் தேசியப் பூங்காவுக்கு வடக்கே இருக்கிற ஊர்கள். கரடிக்குளி, பாலைக்குழி என்ற பெயர்களே அங்கே கரடியும் பாலையும் மனிசரும் கூட இருந்ததைச் சொல்கின்றன. யாருமில்லாத வனம் அது இல்லை. 1906 இல் முத்துக்குளிப்பு நடந்தபோது மறிச்சுக்கட்டிக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கொட்டில் போட்டு ஒரு தற்காலிக நகரமே எழும்பியது. அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் அதே லெனார்ட் வூல்ஃப்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். எழுபத்தையாயிரம் பேர் அளவில். சில இடங்களில் மணித்தியாலக் கணக்கில், சில இடங்களில் ஒன்றிரண்டு நாளில். இதை எழுதும்போது ‘அவர்கள்’ என்று தள்ளி வைத்து எழுத எங்களுக்கு விருப்பமில்லை. தமிழரின் பெயரால் நடந்தது அது, நாங்கள் பிறக்க முந்தி நடந்தது என்பதால் எங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. வெளியேறினவர்கள் கூடுதலாகப் புத்தளத்தில் அகதி முகாம்களில் இருபது வருசம் இருந்தார்கள். ஊர்களில் பற்றை வந்தது, பற்றைக்குள் மரம் வந்தது.

2009 இல் போர் முடிந்து அவர்கள் திரும்பிவரத் தொடங்கிய காலம். முள்ளிக்குளத்திலும் சிலாவத்துறையிலும் ஊர்க் காணியில் கடற்படை முகாம். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி–கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 இல் மாவில்லு என்ற பெயரில் இன்னும் பெரிய பரப்பு. இதற்கிடையில், மீள்குடியேற்றம் என்ற பெயரில் காடு வெட்டப்பட்ட படங்கள் கொழும்பில் பெரிய பிரச்சினையானது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு ஒதுக்குக்காட்டில் நடந்த காடழிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அந்தக் காலத்தில் அமைச்சராக இருந்தவர் தன் செலவில் மீள மரம் நடச் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த இடத்தில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, மறைக்காமல் சொல்லுகிறோம். வெட்டப்பட்டது எல்லாம் பழைய ஊர் இல்லை. யானையும் கரடியும் நடமாடுகிற, வில்பத்துவோடு ஒட்டியிருந்த காடும் அதில் போனது. அரசியல்வாதிகள் வீடு கொடுத்து வாக்கு வாங்கியதும் உண்மை. அதே நேரம், சொந்தக் காணியில் முகாமை வைத்துக்கொண்டு, மிஞ்சிய காணிக்குக் கொழும்பில் வரைபடத்தில் பச்சை அடித்துவிட்டு, திரும்பி வந்தவனைப் பார்த்து “காடழிப்பவன்” என்றது அரசு. படத்தைப் பார்த்து நாங்களும் அதையேதான் சொன்னோம். தெற்கின் சில இனவாதக் குழுக்களுக்கு அந்தக் காலத்தில் திடீரென்று வந்த மரப் பாசம் எங்களுக்குச் சந்தேகமாய்ப் படவேயில்லை. அது எங்கள் பிழை.

இது முஸ்லிம் ஊர்களின் பிரச்சினை மட்டுமும் இல்லை. வன்னி முழுக்க, தமிழ் ஊர்களில், சனம் முன்பு விதைத்த வயலிலும் மேட்டுக்காணியிலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. 2001 இல் வந்த ஒரு சுற்றறிக்கை, ஒதுக்குக்காடாக அறிவிக்கப்படாத எஞ்சிய அரச காடுகளையும் திணைக்களத்தின் கையில் கொடுத்தது. 2020 இல் அந்தச் சுற்றறிக்கை ரத்துச் செய்யப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலகங்களுக்குப் போனது. சனம் சந்தோசப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? சூழலியலாளர்கள் பயந்தார்கள், எங்களுக்கும் பயம் வந்தது. கல்லைப் பிடுங்கினால் ஏழைக் கமக்காரனுக்குக் காணி வருமா, பெரிய கொம்பனிக்குச் சோளம் போட வருமா? 1840 ஐ வாசித்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இராது.

தோழியின் உம்மா எங்களுக்குச் சோறும் மீன் ஆணமும் தந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு பழைய ஊரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனா. இப்போது இருக்கிற வீடு வீதியோடு, திட்டத்தில் கிடைத்தது. பழைய காணிக்கு ஒற்றையடிப் பாதை. பற்றைக்குள்ளால் அரை மணித்தியாலம் நடந்திருப்போம். ஒரு கிணற்றுக் கட்டு, பாதி இடிந்தது. பக்கத்தில் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய பருமனில் ஒரு பாலை மரம். அதைத் தாண்டி எட்டடியில் எல்லைக்கல்.

“உம்மா, இந்த மரம் நீங்க போன பிறகு வந்ததோ?” என்று நாங்கள் கேட்டோம். போஸ்டருக்கு முன்னால் மகள் சொன்னது எங்கள் மனதில் இருந்தது. உம்மா சிரித்தா.

“என்ன மகள் சொல்றீங்க. பாலை முப்பது வருசத்துல இவ்வளவு வருமா? எங்க வாப்பா சின்னப் பொடியனா இருக்கக்க இதுல ஏறிப் பழம் ஆய்ஞ்சவர். இந்தப் பக்கம் எங்கட கிணறு, அந்தப் பக்கம் காடு. கரடி வந்து பழம் திங்கும், நாங்க பானையைத் தட்டுவம், அது போயிரும்.”

தோழி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். எல்லைக்கல் காட்டை மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கியிருந்தது, கிணறும் மரமும் இரண்டும் காட்டுக்குள். உம்மா கல்லைச் சுற்றிப் போய், கீழே விழுந்து கிடந்த பழங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினா. “ஷொப்பிங் பேக் ஏதும் இருக்கா?” என்று கேட்டா. எங்களில் ஒருத்தரின் பைக்குள் ஒன்று இருந்தது. இருளப் போகிறது, யானை வரும், கெதியாய்ப் பொறுக்குங்கோ என்றா. எல்லாரும் குனிந்தோம்.